தப்பொலியும் கைக்கடிகாரமும்: மலையகத்தில் காலத்தின் உடைமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழமையும் அருமையும் வாய்ந்த ஆடம்பரக் கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிக்கும் வழக்கம் கடந்த நாற்பது ஆண்டுக் காலத்தில் உலகச் செல்வந்தரிடையே ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கெனத் தனி ஏல மண்டபங்களும், நிபுணரும், விலைப்பட்டியல்களும், ஒரு பரிபாஷையும் தோன்றியுள்ளன. 1943இல் செய்யப்பட்ட பட்டேக் பிலிப் நிறுவனத்தின் 1518ஆம் இலக்க உருக்குக் கடிகாரம் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு கோடியே பத்து இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், நடிகர் போல் நியூமன் அணிந்திருந்த றோலெக்ஸ் 'டேட்டோனா' நியூயோர்க்கில் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. இவற்றை வாங்கியோர் நேரம் அறியும் பொருட்டு வாங்கியவரல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அக்கடிகாரங்களின் நுட்பச் சிறப்பை வியப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. செல்வந்தரின் பொழுதுபோக்கைக் கண்டித்து அமைவதும் எமது எண்ணமன்று, கண்டனம் வரலாறாகிவிடாது. காலத்தை அளக்கும் கருவி எவர் கையில் இருந்தது, எவருடைய காலத்தை அது அளந்தது, அளத்தல் என்னும் தொழில் முடிந்த பின்னரும் அதே கருவி எவ்வாறு பொக்கிஷமாகிப் பேழைக்குள் புகுந்தது என்ற வினாக்களே எம்முன் உள்ளன. இவ்வினாக்களை ஜெனீவாவிலிருந்து எழுப்புவதிலும் பார்க்கத் தெமோதரையிலிருந்து எழுப்புவது பொருத்தமுடையது என்பது எமது கருத்து. ஊவாத் தோட்டங்களில் கடிகாரம் முதன்முதலாகத் தோன்றியது பிறருடைய உடைமையாகவே. அது துரையின் சட்டைப்பையில் இருந்தது. தொழிற்சாலைச் சுவரில் தொங்கியது. எவருடைய நாளை அது கூறுபோட்டதோ அவரிடம் அது இருக்கவில்லை.

இக்கருவியைக் குறிக்கும் சொற்களே ஒரு சமூக வரலாற்றைத் தம்முள் அடக்கியுள்ளன. யாழ்ப்பாணத்தார் 'மணிக்கூடு' என்பர். மலையகத்தார் 'கடியாரம்' என்பர். ஏட்டு வழக்கு 'கடிகாரம்' என்னும். 'கடிகை' எனும் வடசொல் குடத்தையும் நாழிகையையும் ஒருங்கே குறிப்பது. 'நாழி' என்னும் தமிழ்ச் சொல்லும் அவ்வாறே முகத்தல் அளவையையும் காலவளவையையும் சுட்டும். நீரொழுகும் பாத்திரத்தால் பொழுதை அளந்த சமுதாயத்தின் சுவடு இச்சொற்களில் எஞ்சியுள்ளது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகை அளந்து அறிவிக்கும் கணக்கர் இடம்பெறுகின்றனர். நுண்ணிய காலவளவை தேவைப்பட்ட இடம் போர்ப்பாசறை என்பதும், அதைப் பெற்றவன் அரசன் என்பதும் கவனிக்கத்தக்கன. உழவனுக்கு அத்துணை நுட்பம் வேண்டப்படவில்லை. விடிவெள்ளி, கோழி கூவும் பொழுது, உச்சி வெயில், கருக்கல் ஆகியன அவனுக்குப் போதுமாயிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார் வழியாக மலையேறிய மக்கள் இத்தகைய காலவுணர்வோடுதான் வந்தனர்.

அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில் காலம் வேறு பொருளாயிருந்தது. கடிகாரத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள உறவை மார்க்ஸ் தெளிவாகக் கண்டிருந்தார். 1863 சனவரியில் ஏங்கல்ஸுக்கு எழுதிய கடிதமொன்றில், இயந்திரத் தொழிலுக்கு வழிகோலிய இரு பொருண்மைய அடிப்படைகளாகக் கடிகாரத்தையும் ஆலையையும் அவர் சுட்டினார். 'மூலதனம்' முதற் பாகத்தில் இரு இடங்கள் எமக்கு இன்றியமையாதன. வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், உணவு இடைவேளையிலிருந்தும் நாளின் இரு முனைகளிலிருந்தும் ஆலை முதலாளிகள் நிமிடம் நிமிடமாகத் திருடிய கதையை அவர் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளைக் கொண்டே எடுத்துரைக்கிறார். தொழிற்பிரிவினை பற்றிய அத்தியாயத்திலோ, கைக்கருவி உற்பத்தியின் செவ்விய எடுத்துக்காட்டாகக் கடிகாரமே வருகிறது. ஒரு கடிகாரத்தை ஆக்கும் பற்பல பகுதித் தொழிலாளரை அவர் நீண்ட வரிசையில் பெயர் கூறுகிறார். சுவிற்சலாந்தின் லா ஷோ-டெ-ஃபோன் நகரம் முழுவதையும் ஒரே கடிகாரத் தொழிற்சாலையாகக் கொள்ளலாம் என்கிறார். தொழிலாளரின் காலத்தைக் கூறுபோடும் கருவியே, தானும் கூறுபோடப்பட்ட உழைப்பின் விளைபொருள் என்னும் உண்மை இவ்விரு அத்தியாயங்களையும் சேர்த்து வாசிக்கும்போது புலனாகும்.

இத்தடத்தை வரலாற்றாய்வாக விரித்தவர் ஈ. பி. தொம்சன். காலம், வேலையொழுங்கு, தொழில்முதலாளித்துவம் ஆகியவற்றை இணைத்து 1967இல் அவர் எழுதிய கட்டுரை, இங்கிலாந்தின் உழைப்பாளர் வேலையை அளவாகக் கொண்ட வாழ்விலிருந்து மணியை அளவாகக் கொண்ட வாழ்வுக்குத் தள்ளப்பட்ட நெடிய போராட்டத்தை விளக்குகிறது. 1797இல் பிரதமர் பிட் கடிகாரங்களுக்கு வரி விதித்து, அடுத்த ஆண்டே அதைக் கைவிட நேர்ந்த செய்தியும் அங்கு பேசப்படுகிறது. வரி விதிக்குமளவுக்குக் கடிகாரம் அங்கு பரவியிருந்தது. ஆங்கிலத் தொழிலாளியும் காலப்போக்கில் ஒரு கடிகாரத்தை வாங்கி, முதலாளியின் மணியோடு தன் மணியை ஒப்பிட்டுப் பார்த்து வாதிட முடிந்தது. குடியேற்ற நாட்டுப் பெருந்தோட்டத்தில் இந்த இரண்டாம் கட்டம் மிகப் பிந்தியே வந்தது. தொம்சனின் முடிபுகளை எமது மலைகளுக்கு அப்படியே பொருத்துவோர் இவ்வேறுபாட்டை நோக்கத் தவறுகின்றனர்.

தோட்டத்தின் நாள் கடிகாரத்தால் தொடங்கவில்லை, தப்பால் தொடங்கிற்று. இருள் பிரியுமுன் லயத்து வாசல்களினூடே தப்பு ஒலிக்கும். சில இடங்களில் கொம்பு ஊதப்படும். பின்னாளில் தொழிற்சாலைச் சங்கு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கிராமத்தில் சாவுக்கும் சாமிக்கும் கொட்டப்பட்ட பறை தோட்டத்தில் வேலைக்கு எழுப்பும் கருவியாயிற்று. சாதி ஒடுக்குமுறையால் ஒரு பிரிவினர்மீது சுமத்தப்பட்டிருந்த தொழிலை முதலாளித்துவம் அழிக்கவில்லை. தன் மணியோசையாக மாற்றிக்கொண்டது. பழைய சமூக உறவுகளைக் கலைக்காமலே புதிய சுரண்டலுக்குப் பயன்படுத்தும் இப்பண்பு பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் தனியியல்பு. கங்காணி முறையிலும் இதையே காண்கிறோம்.

தப்பொலியைத் தொடர்வது பெரட்டு. துரையோ கணக்கப்பிள்ளையோ முன்னிற்க, ஆட்களை எண்ணி, மலை பிரித்து, வேலை பகிரும் அணிவகுப்பு அது. பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படுவார்; அன்று அவருக்குப் 'பேர்' இல்லை. இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். மலையகத் தமிழில் 'பேர்' என்பது ஒரு நாட்கூலி. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனிதனின் பெயரும் அவனுடைய ஒரு நாள் உழைப்பின் விலையும் ஒரே சொல்லாய் நிற்கும் வழக்கு இது. செக்ரோல் எனப்படும் வேலைப்பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தால் மட்டுமே அவன் அன்று வாழ்ந்ததற்குக் கணக்கு உண்டு. உழைப்பு நேரம் பெறுமதியின் அளவாகும் என்னும் அரசியற் பொருளாதார விதியை இத்துணைச் சுருக்கமாக வேறெந்த மொழி வழக்கும் சொல்லியிருக்குமா என்பது ஐயமே.

இவ்வொழுங்கின் பின்னே சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வேலையைப் புறக்கணித்தலையும் விட்டகலுதலையும் குற்றவியல் தண்டனைக்குரிய செயல்களாக்கிற்று. நேரம் தவறுதல் கூலிவெட்டோடு முடியாமல் சிறைவாசல்வரை நீளக்கூடியதாயிற்று. வேலைநாளின் நீளத்துக்கு எல்லை வகுக்கப்பட்டதோ வெகு பின்னர். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி விதித்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மதிய உணவுக்கான இடைவேளை உட்பட ஒன்பது மணி நேரத்தைச் சாதாரண வேலைநாளாகக் கொண்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி, மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரே ஒன்பது மணி நேரம் இரு விலைக்கு வாங்கப்பட்டது. பெண்ணின் நேரம் ஆணின் நேரத்துக்குச் சமம் எனக் கூலிச் சட்டம் ஒப்புக்கொள்ள 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் மணியைக் குறித்தபோதும் மணியைப் பார்க்கும் உரிமை எவருக்கு என்ற வினா தீர்க்கப்படவில்லை. கடிகாரமில்லாதவனுக்கு ஒன்பது மணி நேரம் என்பது பிறர் சொல்லை நம்பவேண்டிய ஒரு செய்தியே. அசாமில் தேயிலைத் தோட்டங்கள் நாட்டின் நியம நேரத்துக்கு ஒரு மணி முந்திய 'தோட்ட நேரம்' ஒன்றைத் தமக்கெனக் கைக்கொண்டன. கதிரவனின் ஒளியை வீணாக்காமல் உழைப்பைப் பிழிவதே அதன் தருக்கம். இலங்கையில் நேரம் அரசாலேயே நகர்த்தப்பட்டது. 1906இல் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நியம நேரம் ஏற்கப்பட்டபோது, அதற்கு அடிப்படையான 82½ பாகைத் தீர்க்கரேகை தீவின் கிழக்குக் கரையையும் கடந்து கடலில் விழுந்தது. எனவே கொழும்பின் கடிகாரம் கதிரவனுக்குப் பத்து நிமிடமும் பதுளையின் கடிகாரம் ஏறத்தாழ ஆறு நிமிடமும் முந்தி ஓடத் தொடங்கின. சிறு வேறுபாடுதான். ஆயின் யுத்தகாலத்தில், 1942இல், இரு தடவைகளில் அரை மணி வீதம் முன்னோக்கித் தள்ளப்பட்டு ஒரு மணியாயிற்று. 1996இல் மின்தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மீண்டும் முள் நகர்த்தப்பட்டு, 2006 ஏப்பிரலிலேயே ஐந்தரைக்குத் திரும்பிற்று. அப்பத்தாண்டுகளில் வடகிழக்கில் விடுதலைப் புலிகளின் ஆளுகைப் பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றியதால் ஒரே தீவில் இரு நேரங்கள் நிலவின. மணி என்பது இயற்கையன்று, அதிகாரம் என்பதற்கு இதனிலும் வெளிப்படையான சான்று தேவையில்லை.

மலைநாட்டுக்கு மணித்துல்லியத்தைக் கொணர்ந்தது புகையிரதம். 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த பாதை, ஊவாவின் செங்குத்தான சரிவுகளில் தயங்கித் தயங்கி நகர்ந்து 1924 ஏப்பிரலில்தான் பதுளையை எட்டிற்று. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 292 கிலோமீற்றர். அதன் இறுதிக் கட்டத்தில் உள்ள தெமோதரைச் சுற்றுப்பாதை பொறியியல் அருஞ்செயலாகப் போற்றப்படுவது. நிலையத்தை விட்டு நீங்கும் பாதை மலையைச் சுற்றி வளைந்திறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே தன்னைத் தானே கடக்கிறது. செங்குத்தான இறக்கத்தை ஏற்கத்தக்க சாய்வாக்கும் உபாயம் அது. ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்கு ஒரு வண்டி மட்டுமே செல்ல வேண்டுமாதலால், 'டப்லெட்' எனப்படும் அடையாளத் தகட்டை ஓட்டுநரிடம் கையளிக்கும் முறை இங்கு நெடுங்காலம் வழங்கிற்று. அம்முறையில் கடிகாரமும் தந்திக் கருவியும் தகடும் சேர்ந்தே காலத்தை ஆண்டன.

இப்பாதையைப் பற்றி வழங்கும் வாய்மொழிக் கதையொன்று இலக்கிய மாணவரின் கவனத்துக்குரியது. வழி தெரியாது திகைத்த பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு, அந்தச் சுற்றிலிருந்தே பாதையின் அமைப்பை உய்த்துணர்ந்தாராம். கதை அழகியது; உண்மையா என்பது வேறு. ஆயின் அது எவருக்குப் புகழ் தருகிறது எனப் பாருங்கள். பொறியியலாளரின் மதிக்கும் கங்காணியின் தலைப்பாகைக்கும் இடமுண்டு. பாறையைப் பிளந்து, சுரங்கத்தைக் குடைந்து, மண் சுமந்த கைகளுக்குக் கதையில் ஒரு வேடமுமில்லை. நாட்டார் வழக்காறு எப்போதும் மக்கள் குரலே எனக் கொள்வோர் இக்கதையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தலைப்பாகை, கோட்டு, கைத்தடி, சங்கிலியில் தொங்கும் பைக்கடிகாரம் ஆகியன பெரிய கங்காணியின் கோலத்தில் அதிகாரச் சின்னங்கள். அவரிடம் கடிகாரம் இருந்தது நேரத்துக்காக மட்டுமன்று. துரையின் காலத்தில் தாமும் பங்காளி எனக் காட்டுவதற்காகவும்தான். கைக்கடிகாரமோ ஐரோப்பாவிலேயே நெடுங்காலம் பெண்டிர் அணியாகக் கருதப்பட்டு ஆடவரால் இகழப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகள்தாம் அதை ஆடவன் மணிக்கட்டில் ஏற்றின; பீரங்கித் தாக்குதலையும் காலாட்படையின் நகர்வையும் நொடி பிசகாது இணைக்க வேண்டியிருந்தது. இன்று சேகரிப்போர் உவந்து தேடும் 'ரிவர்சோ' கடிகாரம் 1931இல் வெளிவந்தது. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி உடைந்ததால், முகத்தைத் திருப்பி மறைத்துக்கொள்ளும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. குடியேற்ற ஆதிக்கத்தின் ஓய்வு நேரம் ஒரு பொருளின் வடிவத்தையே தீர்மானித்ததற்கு இது நல்ல உதாரணம்.

சேகரிப்பு எனும் நிகழ்வு இக்கருவி தன் பயனை இழந்த கணத்திலேயே தொடங்குகிறது. 1969 திசெம்பரில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளில், மிக மலிந்த குவார்ட்ஸ் கடிகாரம் மிக உயர்ந்த சுவிஸ் கடிகாரத்திலும் துல்லியமாக ஓடத் தொடங்கிற்று. 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேர் வேலை செய்தனர். எண்பதுகளின் நடுவில் அது முப்பதாயிரத்தைச் சற்றே விஞ்சிய தொகையாய்ச் சுருங்கிற்று. மார்க்ஸ் வரிசைப்படுத்திய பகுதித் தொழிலாளரின் பேரர்கள் வேலையிழந்து வெளியேறிய பின்னரே அவர்தம் கைவினை 'அரிய மரபு' எனும் பட்டம் பெற்றது. ஏல மண்டபங்கள் நிறைந்ததும் அதன் பின்னரேயாகும்.

இங்கு ஒரு கோட்பாட்டு வினா எழும். பெறுமதியை உழைப்பு நேரம் தீர்மானிக்கிறது எனின், ஓர் உருக்குக் கடிகாரம் ஒரு கோடி பிராங்கு பெறுவது எங்ஙனம்? விமரிசகர் சிலர் இதைக் கொண்டு மார்க்ஸியத்தை மடக்கிவிட்டதாகக் கருதுவதுண்டு. ஆனால் ரிக்கார்டோவே அரிய சிலைகள், ஓவியங்கள், நாணயங்கள், தனிச்சுவை மதுவகைகள் ஆகியவற்றை உழைப்பு விதியிலிருந்து விலக்கிவைத்தார். உழைப்பால் மீளவும் ஆக்கமுடியாத பழம்பொருள்களின் விலை தற்செயல்களின் சேர்க்கையால் அமையலாம் என 'மூலதனம்' மூன்றாம் பாகம் கூறும். அவற்றை விற்க வேண்டுமாயின், அவை ஏகபோகமாகக் கைப்பற்றத்தக்கனவாய் இருத்தல் போதும். 1518ஆம் இலக்கக் கடிகாரம் பொன்னில் பல செய்யப்பட்டன; உருக்கில் நான்கே அறியப்பட்டுள்ளன. ஆகவே உருக்கு பொன்னை விஞ்சுகிறது. எனினும் அந்த விலையைக் கொடுக்கும் பணம் தற்செயலாய்ப் பிறப்பதில்லை. அது எங்கோ எவருடைய உழைப்பு நேரத்திலிருந்தோ பிழிந்தெடுக்கப்பட்ட மிகைப்பெறுமதிதான். அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸ், இருபத்து நான்கு நுட்பச் செயல்கள் கொண்ட பைக்கடிகாரமொன்றை 1925இல் பட்டேக் பிலிப்பிடம் பணித்து 1933இல் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டில் உலகத் தேயிலை விலைச் சரிவைத் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மந்தத்தின் சுமையாக மலையகத்தின் குறைந்தபட்சக் கூலி அவ்வாண்டுகளில் வெட்டப்பட்டது; வேலையிழந்தோர் பலர் கடல் கடந்து திரும்பினர். கிரேவ்ஸின் கடிகாரம் 2014இல் இரண்டரைக் கோடி டொலரை அண்மித்து விற்கப்பட்டது.

சேகரிப்போரின் பரிபாஷையில் 'வெப்பமண்டல முகப்பு' என ஒரு சொற்றொடர் உண்டு. கறுப்பு முகப்பு வெயிலாலும் காலத்தாலும் நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்ட கடிகாரத்தை அது குறிக்கும். ஆக்கியவர் பார்வையில் அது பழுது; வாங்குவோர் பார்வையில் அதுவே விலையை உயர்த்தும் அழகு. இதைப் போன்றே, இருளில் ஒளிரும் பழைய எண்களின் வெளிறிய மஞ்சள் நிறம் பெரிதும் மதிக்கப்படுகிறது. அவ்வெண்களில் ரேடியம் பூசியவர் இளம் பெண்கள். நியூஜேர்சியின் ஒரேஞ்ச் நகரத் தொழிற்சாலையில் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தாடையெலும்பு சிதைந்து பலர் மாண்டனர். எஞ்சியோர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கத்தில் முடிந்தது. ஏலப் பட்டியலில் அந்த நிறத்துக்கு நயமான பெயருண்டு. அதைப் பூசிய விரலுக்கு இல்லை.

வால்டர் பெஞ்சமின் தம் நூற்சேகரிப்பைப் பற்றி 1931இல் எழுதியபோது சேகரிப்போன்பால் பரிவு காட்டினார். பொருள்களைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பவன் அவன் என்னும் கருத்து அவருடைய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருவது. அப்பரிவை முற்றாக மறுப்பதற்கில்லை. நுண்தொழில் அறிவு அழியாது காக்கப்பட்டதில் சேகரிப்போருக்குப் பங்குண்டு. ஆயினும் பயன்பாட்டிலிருந்து விடுதலை பெறும் பேறு பொருளுக்குக் கிட்டி, ஆக்கியவருக்குக் கிட்டாதிருப்பதைப் பெஞ்சமினின் பரிவு ஈடுசெய்யாது.

ஜெனீவாவுக்கும் எமது மலைகளுக்கும் உள்ள தொடர்பு வெறும் உவமையன்று. சுவிற்சலாந்தவரான அல்பிரட் பவர் (1865-1951) இளைஞராக இலங்கை வந்து, 1897இல் கொழும்பில் தம் பெயரால் நிறுவனம் அமைத்து, பெருந்தோட்டங்களுக்கு உரம் வழங்கிப் பொருளீட்டினார். பின்னர் ஜெனீவாவில் குடியமர்ந்து, சீனத்து பீங்கான்கள், பச்சைக்கல் சிற்பங்கள், ஜப்பானிய வாளுறுப்புகள் என அரிய கலைப்பொருள்களைத் திரட்டினார். அச்சேகரிப்பு 1964இலிருந்து அந்நகரில் அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. பவர் சேகரித்தவை கடிகாரங்களல்ல. எனினும், இலங்கையின் தோட்டங்களில் போட்ட உரம் ஜெனீவாவின் கண்ணாடிப் பேழையில் பீங்கானாகப் பூத்த வரலாறு, கடிகார ஏலங்களின் தலைநகரான அதே நகரத்திலே நிகழ்ந்தது. ஒரு சேகரிப்பின் பின்னாலுள்ள மூலதனத் திரட்டலை இத்துணை நேராகக் காட்டும் சான்றுகள் அரிது. எமது ஆய்வாளர் எவரும் இதை இதுவரை உரிய அளவு பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இனி, ஆவணங்கள் பற்றியது. பழைய கடிகாரமொன்றின் விலையில் பெரும்பங்கு அதன் 'பெட்டியும் பத்திரமும்' எனச் சேகரிப்போர் கூறுவர். எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எந்நாளில் விற்கப்பட்டது என்பதைத் தன் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துச் சான்றளிக்கும் சேவையைப் பட்டேக் பிலிப் நிறுவனம் நடத்துகிறது. பிறப்பும் கைமாறிய வழியும் ஐயமின்றி நிறுவப்பட்ட பொருளே உயர்வு பெறும். மறுபுறத்தில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனிடம் அவன் தகப்பனோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு அரிது. பாட்டனின் பிறப்புக்கோ பதிவென்பதே இல்லை. தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளில் அவன் வேலை செய்த ஒவ்வொரு நாளும் கோடிட்டுக் குறிக்கப்பட்டிருந்தது. அவன் பிறந்த நாள்தான் எங்கும் இல்லை. உழைத்த காலம் முதலாளியின் கணக்கிலும் வாழ்ந்த காலம் எவர் கணக்கிலும் இன்றியும் இருந்த மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இறுதியில், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் இங்கு வதிந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். அக்காலத்து இந்தியாவில் சாமானியர் கையில் கட்டியது எச்.எம்.டி. கடிகாரம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியுடன் 1961இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்த அரசுத் தொழிற்சாலை, 'ஜனதா' என்ற பெயரிலேயே ஒரு கடிகாரத்தை ஆக்கிற்று. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து அமைத்த டைட்டன் ஒசூரில் எழுந்தது, எச்.எம்.டி. தேய்ந்து, 2016இல் அதன் கடிகாரப் பிரிவு மூடப்பட்டது. மூடப்பட்டவுடன் சேகரிப்போர் அதைத் தேடத் தொடங்கினர். மக்கள் கடிகாரமும் அரும்பொருளாகிவிட்டது. விலை ஜெனீவா விலையன்று. வழிமுறை அதே வழிமுறை.

மலையக இலக்கியத்தைக் காலம் எனும் கோணத்திலிருந்து முறையாக வாசிக்கும் பணி இன்னும் செய்யப்படவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் ஆக்கங்களில் விடியற்பொழுதின் ஒலிகள் பெறும் இடமும், பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் 1974இல் வெளிவந்த தம் நாவலுக்குக் 'காலங்கள் சாவதில்லை' எனத் தலைப்பிட்டதும் தற்செயலானவை அல்ல. நாட்டார் பாடல்களிலும் பெரட்டும் கங்காணியும் கொழுந்து நிறுவையும் இடைவிடாது வருகின்றன. கடிகாரம் அருகியே வருகிறது. இல்லாத பொருளைப் பற்றிப் பாட்டு எழாது என்பது எளிய விடை. தமக்கு எதிராக மட்டுமே இயங்கிய பொருளைப் பாட்டுக்குள் விடாத மறுப்பும் அதில் உண்டு என்பது எமது ஊகம்.

1940இன் தொடக்கத்தில் மூலோயாத் தோட்டத்தில் கோவிந்தன் எனும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். அவ்வாண்டு மே மாதம் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில், இலங்கைச் சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கத் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவோடு பேசுமாறு நிர்வாகத்தைச் சிலகாலமேனும் நிர்ப்பந்தித்த போராட்டம் அது. அப்போராட்டத்தின் கோரிக்கைகளும் பொலிஸ் அடக்குமுறையும் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. தப்பு ஒலித்தும் பெரட்டுக்களம் வெறுமையாய்க் கிடந்த அந்த விடியல்களைப் பற்றி இன்னும் எவரும் எழுதவில்லை.